இரும்பு பேக்கிங் வேண்டாம், எட்டு மி.மீ. தகடும் வேண்டாம்: அம்பாசடருக்கு ஃபவுண்டேஷன் ரப்பரும் சேம்பர் கார்டும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2. ஒரிஜினல் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். குடியாத்தத்திலிருந்து மாதம் இரண்டு முறை வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூர் போய் வருகிறேன். போன மாதம் மலையில் ஒரு கல் இடித்து ஆயில் சேம்பர் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஒடுங்கி, சின்னதாகக் கீறல் விட்டது. பட்டறையில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். அது போக, முதல் கியரில் கிளட்ச் விடும்போது வண்டி உதறுகிறது. ரிவர்ஸில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஃபவுண்டேஷன், அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பர், போயிருக்கிறது என்கிறார் மெக்கானிக். ரப்பரை எடுத்துவிட்டு இரும்பு பேக்கிங் வைக்கலாம், அல்லது ஆம்பூரில் கிடைக்கும் ஷூ சோல் ஷீட்டை வெட்டி அடுக்கலாம், அதிலேயே இன்ஜினை ஒரு இஞ்ச் தூக்கிவிட்டால் சேம்பர் அடி வாங்காது, கீழே 8 மி.மீ. தகட்டை வெல்டிங் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார். செய்யலாமா? வண்டியைப் பிற்பாடு விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோகும் எண்ணமும் உண்டு. கடைசியாக, தகட்டுக்கு அடியில் தார் பூசலாமா?

— வாசகர், குடியாத்தம்

பதில்:

ஃபவுண்டேஷன் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தவரை உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அதற்கு அவர் சொன்ன வைத்தியத்தில் ஒன்றுகூட வேண்டாம். சேம்பரைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடு, அதாவது கார்டு, அவசியம் போடுங்கள், ஆனால் அது கடைசி வேலை. ரப்பர் தளர்ந்திருக்கும்போது கார்டு மாட்டினால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் அந்தத் தகட்டின் மேல் உட்காரும். கல் இடித்தது போக, கார்டே சேம்பரை இடிக்க ஆரம்பிக்கும். எனவே முதலில் ரப்பர், அடுத்து இன்ஜின் எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு, அந்த அளவை வைத்துக் கார்டு.

உதறல் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து, மட்கார்டில் ஒரு மர ஸ்கேலைப் படுக்க வைத்து டேப் ஒட்டுங்கள். அதன் முனை ராக்கர் கவருக்கு (இன்ஜினின் மேல் மூடி) பக்கத்தில் வரட்டும். நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒருவர் உட்கார்ந்து ஃபுட் பிரேக்கையும் அழுத்திக்கொள்ளட்டும். இன்ஜின் ஐடிலில் ஓட, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டு, பிடிக்கும் இடம் வந்ததும் திரும்ப மிதிக்க வேண்டும். ரிவர்ஸிலும் இதே. பார்ப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ கூடாது. ராக்கர் கவர் 10, 12 மி.மீ. சாய்ந்து திரும்பினால் சாதாரணம். 25 மி.மீ. எழும்பி 'டொக்' என்று விழுந்தால் ரப்பர் இரும்பை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

அநேகமாக இடது பக்க ரப்பர்தான் போயிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. அதன் எதிர்விசையில் இன்ஜின் உடம்பு மறுபக்கம் புரளப் பார்க்கும். ஆகவே முன்னோக்கிப் போகும் எல்லா கியரிலும் இடது பக்கம் மேலே இழுபடும், வலது பக்கம் கீழே அமுங்கும். அமுங்குவதை ரப்பர் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்கும். இழுப்புதான் அதற்கு ஆகாது. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இடது பக்கம், டேப்பெட் கவரும் (இன்ஜினின் பக்க மூடி) அதே பக்கம். மேலே சூடு, பக்கத்தில் ஆயில் கசிவு, அதோடு இழுப்பு. இயற்கை ரப்பர் ஆயிலில் ஊறினால் உப்பிப் பிசுபிசுக்கும், சூட்டில் வறண்டு வெடிக்கும். ரிவர்ஸில் மட்டும் வலது பக்கம் தூக்கும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இந்த இன்ஜின் கொடுக்கும் டார்க் (முறுக்கு விசை) சுமார் 10 கிலோகிராம்-மீட்டர்தான். ஆனால் ரப்பருக்கு வருவது கியர்பாக்ஸைத் தாண்டி, பின் சக்கரங்களை ஓட்டும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் போகும் டார்க்கின் எதிர்விசை. முதல் கியரில் அது கிட்டத்தட்ட நாலு மடங்கு, 38 என்று வையுங்கள். இரண்டு ரப்பருக்கும் இடையே அரை மீட்டர் என்றால் இடது பக்கத்தை மேலே தூக்கும் விசை 76 கிலோ. அந்த ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் எடையே 60, 70 கிலோதான் இருக்கும். அதாவது முதல் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து மேடு ஏறும்போது அந்த ரப்பர் சுமப்பதை நிறுத்திவிட்டு இழுத்துப் பிடிக்க ஆரம்பிக்கிறது. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் இன்னும் கூடும். ஜவ்வாது மலை ஏற்றத்தில் பாதி தூரம் இந்தக் கதைதான்.

இரும்பு பேக்கிங் வைத்தால் உதறல் நிற்கும், உண்மைதான். நாலு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் 700 சுற்று ஓடினால் நொடிக்கு 23 தடவை வெடிக்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொன்றும் இப்போது ரப்பரில் கரைகிறது. இரும்பு வைத்தால் நேராக பாடிக்குப் போகும். அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது. பாடியோடு பற்றவைத்த மெல்லிய தகட்டுப் பெட்டிதான் அதன் சேசிஸ் கால். அதில் பிராக்கெட் பற்றவைத்த ஓரத்தில் முதலில் முடி அளவு வெடிப்பு வரும். பிறகு ரேடியேட்டரின் சால்டர் விடும், ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகும். ஐம்பது வருஷத் தகட்டில் வெடிப்பு வந்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும்.

ஷூ சோல் ஷீட் நம் பக்கத்தில் சல்லிசாகக் கிடைப்பதால் எல்லாவற்றுக்கும் அதையே வெட்டி வைக்கிறார்கள். அது நடக்கும்போது தேயாமல் இருக்கச் செய்த ரப்பர். தொடர்ந்து பளு ஏற்றினால் அமுங்கின இடத்திலேயே நின்றுவிடும், திரும்ப எழும்பாது. மேலே கீழே இரும்போடு அது வேகவைத்து ஒட்டப்படவும் இல்லை. ஆகவே இழுக்கும் பக்கத்தில் அது ஒரு வேலையும் செய்யாது, போல்ட்தான் எல்லாவற்றையும் தாங்கும். டயர் துண்டுக்கும் இதே பதில்.

ஒரு இஞ்ச் தூக்குவது மூன்றிலும் மோசமான யோசனை. முன்னால் 25 மி.மீ. தூக்கி, பின்னால் கியர்பாக்ஸ் ரப்பர் அப்படியே இருந்தால், இடையில் 70 செ.மீ. தூரத்துக்கு இன்ஜின் இரண்டு டிகிரி பின்பக்கம் சாயும். கியர்பாக்ஸ் வால் கீழே பார்க்கும், டிஃபரன்ஷியல் மூக்கு பழைய இடத்தில் இருக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் (வளைந்து சுழலும் மூட்டு) கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே 60 கி.மீ. வேகத்தில் தரையில் ரீங்காரம் கேட்கும், கிராஸ் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்டீயரிங் கம்பத்திலிருந்து வரும் கியர் கம்பிகளும் பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கின்றன. இன்ஜின் இடம் மாறினால் அவற்றின் அளவும் மாறும். சேம்பருக்கு ஒரு இஞ்ச் கிடைக்கும், இத்தனையும் கூடவே வரும்.

அந்த ஒரு இஞ்ச் வேறிடத்தில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்கள் (முறுக்குக் கம்பிகள்) இத்தனை வருஷத்தில் தளர்ந்து வண்டி முன்பக்கம் இறங்கியிருக்கும். சமதரையில் நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை அளந்து பாருங்கள். இடது வலது 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, முன்பக்கம் மூக்கு குத்தி நின்றாலோ, அதைச் சரி செய்வது முதல் வேலை. பாரின் பின்முனை லிவரில் அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. ஆனால் முறுக்கிய நிலையில் இருக்கும் பார் அது. பளு முழுவதும் இறங்கின பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். உயரம் மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தே தீர வேண்டும்.

இனி ரப்பர் வாங்குவது. முன்னால் இரண்டு, பின்னால் கியர்பாக்ஸுக்கு உள்ளது, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் இன்ஜின் சாய்ந்து உட்காரும். பழைய ரப்பரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை. அம்பாசடர் என்று மட்டும் சொன்னால் டீசலுக்கோ பிந்தைய இசுசு இன்ஜினுக்கோ உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். உயரம், ஸ்டட் கனம், துளை இடைவெளி மூன்றையும் வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் ரப்பரும் இரும்பும் சேரும் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். வேகவைத்து ஒட்டியது இரும்போடு ஒன்றாக இருக்கும். பசை போட்டு ஒட்டின நகல் சரக்கில் ஓரம் உரியும், சின்னக் குமிழ்கள் தெரியும். கடைக்குள் பத்திருபது வருஷம் கிடந்த 'ஒரிஜினல்' பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். கட்டை விரலால் வளைத்தால் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது இறந்த ரப்பர். கடினம் அளக்கும் கருவி வைத்திருப்பவர் இருந்தால் ஷோர் ஏ என்ற ரப்பர் கடின அளவில் 50 முதல் 55 வரை நல்லது. மலைக்கு வேண்டும் என்று 60 வரை போகலாம். பாலியூரிதேன் 80க்கு மேல் இருக்கும், அது ஏறக்குறைய இரும்புதான்.

மாற்றும்போது பேட்டரியின் எர்த் கழற்றுங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு பிளைவுட் துண்டைச் செருகுங்கள். இன்ஜின் முன்னால் சாய்ந்தால் ரேடியேட்டர் பிழைக்கும். செயின் பிளாக்கில் மேலிருந்து தாங்குவது உத்தமம். ஜாக்கிதான் இருக்கிறதென்றால் சேம்பரின் நடு அடியில் வைக்கக் கூடாது, ஆயிலை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெயினர் அதற்கு நேர் மேலே சில மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. சேம்பரின் ஓர விளிம்பில் பளு பரவும்படி இரண்டு இஞ்ச் கனப் பலகை வைத்து, 10 முதல் 15 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஒரு பக்கம் மாற்றி முடித்த பிறகே அடுத்த பக்கம். எல்லா நட்டையும் விரலால் மட்டும் மாட்டி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் முதல் நாளிலேயே முறுகி நிற்கும், உதறல் போகாது.

போல்ட் விஷயத்தில் கவனம். இந்த வண்டியின் வேர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதனால் பெரும்பாலான மரை இஞ்ச் அளவில் யு.என்.எஃப். (நெருக்கமான மரை). பட்டறையில் கைக்கு வருவது மெட்ரிக். 5/16 போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., எம்8-ன் விட்டம் 8. கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டு சுற்று இறங்கும், பிறகு இறுகும், 'நல்லா பிடிச்சிடுச்சு' என்று தோன்றும். உள்ளே மரை சிதைந்திருக்கும். அரை இஞ்ச் ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தால் 5/16, 13-ம் நம்பர் ஸ்பேனர் பிடித்தால் யாரோ ஏற்கெனவே எம்8 போட்டுவிட்டார்கள். 5/16-க்கு 2.5 கிலோகிராம்-மீட்டர், 3/8-க்கு 4 முதல் 4.5 வரை முறுக்கினால் போதும். முடிந்ததும் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை முழுசாக இருக்கிறதா பாருங்கள். ரப்பர் மின்சாரம் கடத்தாது. அந்தப் பட்டை அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பி அதைப் பழுக்கக் காய்ச்சும்.

நீங்கள் செய்ய வேண்டிய ஒரே 'மாடிஃபிகேஷன்' இடது பக்கத்துக்கு ஒரு லிமிட்டர் போல்ட். ரப்பர் சாதாரணமாக ஆடட்டும், எல்லை தாண்டும்போது மட்டும் இரும்பு பிடிக்கட்டும். இன்ஜின் பக்க பிராக்கெட்டில் ஏற்கெனவே உள்ள போல்ட்டில் சேர்த்து மாட்டும்படி 6 மி.மீ. தகட்டில் ஒரு காது. அதில் 16 மி.மீ. துளை. சேசிஸ் பக்க பிராக்கெட்டிலிருந்து மேல்நோக்கி 90 மி.மீ. நீள எம்10 போல்ட், 8.8 தரம், அந்தத் துளையின் நடுவே வரட்டும். மேலே கனமான ரப்பர் வாஷர், அதன் மேல் 40 மி.மீ. இரும்பு வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட்). இன்ஜின் ஆறி, எடை முழுவதும் ரப்பரில் இருக்கும்போது காதுக்கும் ரப்பர் வாஷருக்கும் 5 மி.மீ. இடைவெளி விட்டு நட்டை நிறுத்துங்கள். ஐடிலில் ஓடும்போது அந்த இடைவெளியில் நாலாக மடித்த காகிதம் தடையில்லாமல் போய் வர வேண்டும். தட்டினால் அதிர்வு பாடிக்குப் போகும். காதை எல் வடிவில் மடிப்பதானால் மடிப்பின் உள்ளே முக்கோணக் குசெட் (முட்டுத் தகடு) ஒன்று வையுங்கள், இல்லையேல் மடிப்பிலேயே வெடிக்கும். மேனிஃபோல்டுக்கும் ரப்பருக்கும் இடையே ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டை, ரப்பரைத் தொடாமல் 10 மி.மீ. காற்று விட்டு நிறுத்திவிட்டால் புது ரப்பரின் ஆயுள் கூடும். டேப்பெட் கவர் கார்க் பேக்கிங்கையும் இதே கையோடு மாற்றுங்கள்.

அடுத்து, ஒட்டுப் போட்ட சேம்பர். அதை அப்படியே மறைத்துக் கார்டு மாட்டக் கூடாது. ஆயிலை வடித்து, சேம்பரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஒட்டின இடத்தின் வெளிப்பக்கம் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வெள்ளையில் ஈரக்கோடு தெரிந்தால் ஒட்டு சரியில்லை. ஒடுங்கலை மரக்கட்டை வைத்து உள்ளிருந்து தட்டி எடுங்கள். விளிம்பில் போல்ட் துளையைச் சுற்றி உள்வாங்கியிருக்கும், அதையும் சமப்படுத்துங்கள். எத்தனை பேக்கிங் மாற்றினாலும் கசிவு நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பிறகு ஒரு உருண்டை சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து, ஸ்ட்ரெயினரின் அடியில் ஒட்டி, சேம்பரை பேக்கிங்கோடு வைத்து நாலு போல்ட் மட்டும் மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய மாவின் கனம்தான் ஸ்ட்ரெயினருக்கும் அடித்தகட்டுக்கும் உள்ள இடைவெளி. 6 மி.மீ.க்குக் குறைந்தால் இன்னும் தட்ட வேண்டும். அந்த வழி அடைபட்டால் மேட்டில் வேகமாக ஏறும்போது ஆயில் பிரஷர் விழும். கசிவு ஒரு சொட்டுகூட இருக்காது, பேரிங் மட்டும் போய்விடும். மாவைத் துளியும் ஒட்டியிராமல் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். சேம்பர் போல்ட்டுக்கு ஒரு கிலோகிராம்-மீட்டர் தாண்டக் கூடாது. 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிறுத்துங்கள்.

கார்டுக்கு வருவோம். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 70 × 60 செ.மீ. தகடு 8 மி.மீ. கனத்தில் 26 கிலோவைத் தாண்டும். டார்ஷன் பாரைச் சரிசெய்து பெற்ற உயரத்தை அந்த எடையே தின்றுவிடும். அதே அளவு 3 மி.மீ. தகடு 10 கிலோதான். 3 மி.மீ. வளையாதா என்று கேட்பீர்கள். சமமாகப் போட்டால் வளையும். நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் 30 மி.மீ. மேல்நோக்கி மடித்தால், 8 மி.மீ. சமத் தகட்டைவிட அதன் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். விறைப்பைக் கொடுப்பது மடிப்பு. அலுமினியத்தில் 5 மி.மீ. போட்டால் 6 கிலோவுக்குள் முடியும், 5052 ரகம் மடிப்புக்கு நல்லது. 6061 மடித்தால் வெடிக்கும். புள்ளி போட்ட அலுமினிய செக்கர் தகடு பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மெத்தென்ற ரகம், கல்லில் வழுக்குவதற்குப் பதில் கவ்விக்கொள்ளும். உங்கள் உபயோகத்துக்கு 3 மி.மீ. எம்.எஸ். தகடே போதும், ஒடுங்கினால் சுத்தியால் தட்டி நிமிர்த்தலாம். மடிப்பை மட்டும் சுத்தியால் அடித்து எடுக்காதீர்கள். ராணிப்பேட்டையில் பெல் ஆலையைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் உள்ள பக்கம் பிரஸ் பிரேக் (தகடு மடிக்கும் இயந்திரம்) இருக்கும் இடமாகப் பார்த்து, மடிப்பின் உள் வளைவு 4, 5 மி.மீ. இருக்கும்படி கேளுங்கள்.

முதலில் ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்யுங்கள். முன் ஓரம் 100 மி.மீ. நீளத்துக்கு மேல்நோக்கி 35, 40 டிகிரி வளையட்டும். பின் ஓரமும் 50 மி.மீ. கொஞ்சம் மேலே ஏறட்டும். பின்னால் எடுக்கும்போது மண்வெட்டி மாதிரி மண்ணை வாரக் கூடாது. அகலம் சேம்பரை விட இருபக்கமும் கொஞ்சம் கூடினால் போதும். பக்கத்தை அடைக்காதீர்கள். ரேடியேட்டர் வழியாக உள்ளே வந்த காற்று இன்ஜினுக்கு அடியில்தான் வெளியேறுகிறது, சேம்பர் ஆயிலும் அந்தக் காற்றில்தான் ஆறுகிறது. வேலூர் அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரிக்கு மேல், வாயை மூடின வண்டி மலை ஏறினால் தண்ணீர் கொதிக்கும். காற்றுத் துளைகளைச் சேம்பருக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் கல் உள்ளே வரும். டிரெயின் போல்ட்டுக்குக் கீழே 60 மி.மீ. துளை, நேர் கீழே இல்லாமல் ஆயில் பீய்ச்சும் பக்கம் கொஞ்சம் தள்ளி. கிளட்ச் ஹவுஸிங் அடியில் காட்டர் பின் தொங்கும் ஒரு சின்னத் துளை இருக்கும். இந்த இன்ஜினில் பின்பக்கம் எப்படியும் கொஞ்சம் ஆயில் ஒழுகும், அது சொட்டும் வழி அதுதான். அதற்குக் கீழேயும் திறந்திருக்கட்டும்.

வெல்டிங் கூடாது. ஆயில் மாற்ற, கிளட்ச் பார்க்க, எதற்கும் கழற்ற முடியாமல் போகும். சேசிஸ் காலின் மெல்லிய தகடும் வெல்டிங் சூட்டில் ஓரத்தில் பலமிழக்கும். துளை போட்டு போல்ட் போடுவதிலும் ஒரு சிக்கல்: உள்ளே குழல் வைக்காமல் பெட்டி மாதிரியான காலில் போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும். நீங்கள் விண்டேஜ் பதிவை நினைப்பதால் துளையே வேண்டாம். 40 × 5 மி.மீ. பட்டையை யு வடிவில் மடித்து, காலைச் சுற்றிக் கவ்வும் சேடில் கிளாம்ப் நாலு செய்யுங்கள், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு. கிளாம்புக்கும் காலுக்கும் இடையே 3 மி.மீ. ரப்பர் ஷீட். சோல் ஷீட்டுக்கு இதுதான் சரியான இடம், இங்கே தாராளமாகப் போடலாம். காலை ஒட்டி ஓடும் பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் கிளாம்புக்குள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேம்பர் போல்ட், கிளட்ச் ஹவுஸிங், டார்ஷன் பார், சஸ்பென்ஷன் ஆர்ம் இந்த நாலிலும் கார்டை மாட்டவே கூடாது. கார்டைப் பிடிக்கும் எம்10 போல்ட்டுகளின் தலை தகட்டுக்குக் கீழே நீட்டினால் பத்தாவது கல்லில் தேய்ந்து ஸ்பேனர் பிடிக்காது. துளையைச் சுற்றிக் குழி அழுத்தி, தலை உள்ளடங்கும்படி செய்யுங்கள்.

சேம்பருக்கும் தகட்டுக்கும் இடைவெளி 25 மி.மீ., டிரெயின் போல்ட் தலைக்குக் கீழே 15. எக்ஸாஸ்ட் பைப்புக்கு 30. கார்டை மாட்டியதும் மறுபடி மாவு: எண்ணெய் தடவிய காகிதத்தில் இடைவெளியின் உயரத்துக்கு மூன்று உருண்டை வைத்து, சேம்பருக்கு அடியில் முன், நடு, பின் என்று தகட்டில் ஒட்டுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, வேகத்தடையும் குழியும் உள்ள ரோட்டில் ஐந்து கி.மீ. ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சிய கனம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் கிளாம்புக்கும் தகட்டுக்கும் இடையே வாஷர் அடுக்கி இறக்குங்கள். ஒரே பக்கம் மட்டும் அதிகம் நசுங்கியிருந்தால் தகட்டை விட்டுவிட்டு ரப்பரைத் திரும்பப் பாருங்கள்.

உங்கள் வழியில் இன்னொன்று இருக்கிறது. ஜவ்வாது மலையிலும் கீழே கிராமங்களிலும் அறுப்புக் காலத்தில் சாமை, கேழ்வரகு, கொள்ளுத் தாளை ரோட்டிலேயே பரப்பி வண்டிகளை ஏறி இறங்க விடுவார்கள். வெறும் அடிப்பக்கத்தில் அது விழுந்துவிடும். கார்டு போட்ட வண்டியில் தகட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் இடையே செருகிக்கொள்ளும்; அங்கே ஒழுகின ஆயிலும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். அப்படி ஒரு களத்தைத் தாண்டினால் ஐந்து நிமிஷத்துக்குள் நிறுத்திக் குனிந்து பாருங்கள், இருப்பதைக் கம்பியால் இழுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் ஒரு சின்ன தீயணைப்பு சிலிண்டர் முன் சீட்டுக்கடியில் இருக்கட்டும்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கி உட்காரும் என்பதால் லிமிட்டர் இடைவெளியையும் மறுபடி 5 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பிறகு இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒருமுறை கார்டை முழுவதும் கழற்றி, சேர்ந்த மண்ணைத் தட்டிக் கழுவுங்கள். ஈர மண் உள்ளேயே காய்ந்தால் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

விண்டேஜ் பதிவு பற்றி: 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவின்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வணிகத்தில் இல்லாத வண்டிக்கு அது கிடைக்கும். சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். கிளாம்பும் லிமிட்டர் போல்ட்டும் அரை மணியில் கழன்றுவிடும். வெல்டிங் தகடாக இருந்தால் அதிகாரி முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: விண்டேஜ் என்று பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட விதி இடம் தரவில்லை. மாதம் இரண்டு முறை மலைக்குப் போவது உங்களுக்கு முக்கியம் என்றால் இப்போதுள்ள பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் வசதி.

தார் கேட்டிருந்தீர்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் தார் உருகும், மேலே படியும் தூசியையும் வைக்கோலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜிங்க் குரோமேட் பிரைமர் ஒரு கை, மேலே கறுப்பு எனாமல் இரண்டு கை. அடிப்பக்கம் எப்படியும் கல்லில் உரியும். வருஷம் ஒருமுறை தேய்த்துப் பூசுங்கள்.